உத்தரவாதக் காலத்திலேயே கிளச் எரிந்துவிட்டது; "மலைப்பாதையில் ஓட்டியதால் தேய்ந்தது, செலவு உங்களுடையது" என்கிறார் முகவர். என்ன செய்யலாம்?

பண்டாரவளையிலிருந்து நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இதுதான்: புதிதாக வாங்கி ஒரு வருடம்கூட நிறையாத காரின் இரட்டைக் கிளச் கியர் பெட்டி ஏற்றத்தில் நழுவத் தொடங்கியிருக்கிறது, முகவரின் சேவை நிலையம் அதனைத் தேய்மானம் என்று சொல்லி, ஒரு பெரிய தொகைக்கு மதிப்பீடு கொடுத்திருக்கிறது, உற்பத்தியாளருக்கு நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலுக்கு "உள்ளூர் முகவரைத் தொடர்புகொள்ளுங்கள்" என்ற ஒற்றை வரி பதிலாக வந்திருக்கிறது. பணத்தைக் கட்டுவதற்கு முன்னர் மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். கியர் பெட்டியைக் கழற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். கழற்றிய பாகங்களை அவர்களிடம் விட்டுவிட்டு வராதீர்கள். இவற்றை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதை என் அனுபவத்திலிருந்து விளக்குகிறேன்.

நாங்கள் ஹட்டனில் இருக்கிறோம். 2020 ஜனவரியில், வாகன இறக்குமதி நிறுத்தப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்னர், கண்டியில் உள்ள காட்சியறையில் ஒரு புதிய காரை வாங்கினோம். மூன்று வருடங்கள் அல்லது ஒரு இலட்சம் கிலோமீற்றர், இவற்றில் எது முதலில் வருகிறதோ அதுவரை உத்தரவாதம். 2022 பெப்ரவரியில், 38,000 கிலோமீற்றர் ஓடியிருந்த நிலையில், கினிகத்தேனை ஏற்றத்தில் இயந்திரம் மட்டும் இரைந்து வேகம் எடுக்காமல் கார் நின்றது. எரிந்த வாடையும் வந்தது. சேவை நிலையம் கொடுத்த முதல் மதிப்பீடு 6,12,000 ரூபாய். நாங்கள் விளக்கம் கேட்டுக்கொண்டிருந்த வேளையில் மார்ச் மாதம் ரூபாயின் பெறுமதி வீழ்ந்தது. ஏப்ரலில் அதே வேலைக்கு 9,40,000 ரூபாய் என்றார்கள். அப்பாவை மாதந்தோறும் கண்டி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருந்த எங்களுக்கு, அந்த எரிபொருள் வரிசைக் காலத்தில் கார் இல்லாமல் இருப்பதும் அந்தத் தொகையைத் தேடுவதும் ஒரே அளவு கடினமாக இருந்தன.

அவர்கள் சொன்ன காரணம் உங்களுக்குச் சொன்னதுதான்: மலைப்பாதை, பாதிக் கிளச் (கிளச்சை முழுதாகப் பிடிக்கவிடாமல் நழுவவிட்டு ஓட்டுவது), ஓட்டுநரின் தவறு. இதில் ஒரு பகுதி உண்மை இருப்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். உலர்வகை இரட்டைக் கிளச்சில் ஒற்றை எண் கியர்களுக்கு ஒரு தட்டும் இரட்டை எண் கியர்களுக்கு இன்னொரு தட்டும் இருக்கின்றன. எண்ணெயில் மூழ்காத இந்தத் தட்டுகள் காற்றினால் மட்டுமே குளிர்கின்றன. ஏற்றத்தில் பிரேக்கை மிதிக்காமல் அக்சிலரேட்டரைக் கொண்டே காரைப் பிடித்து வைத்திருந்தாலும், லொறிக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டே போனாலும் அவை கடுமையாகச் சூடேறும். உராய்வுத் தட்டு தேய்மானப் பொருள் என்று உத்தரவாதப் புத்தகத்திலும் எழுதப்பட்டிருக்கும். ஆனால் தட்டு ஏன் நழுவியது என்ற கேள்விக்கு "தேய்ந்தது" என்பது பதிலாகாது. கிளச் அறைக்குள் எண்ணெய் கசிந்தாலும் தட்டு நழுவும், எரியும். அந்தக் கசிவுக்குக் காரணம் இயந்திரத்தின் பின்புற ஒயில் சீலோ (எண்ணெய் வெளியே கசியாமல் அடைக்கும் வளையம்) கியர் பெட்டியின் உள்ளீட்டுத் தண்டின் சீலோ பழுதானதாக இருக்கலாம். அது பாகத்தின் குறை. ஓட்டுநரின் பழக்கத்தால் சீல் பொதுவாகக் கசிவதில்லை.

இதை எனக்குச் சொன்னவர் ஹட்டனில் எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன். "கழட்டும்போது நீங்க பக்கத்துல நில்லுங்க தங்கச்சி, கிளச் அறை காய்ஞ்சு கறுப்புத் தூளா இருக்கா, ஈரமா பிசுபிசுன்னு இருக்கான்னு பாருங்க" என்றார். நான் சேவை நிலையத்திற்கு எழுதி, நாள் குறித்து, கழற்றும்போது அங்கே நின்றேன். அறையின் அடிப்பகுதியில் எண்ணெயும் தூளும் குழைந்து சேறுபோல் ஒட்டியிருந்தன. திகதி தெரியும்படி படங்கள் எடுத்தேன். தட்டின் எஞ்சிய தடிப்பை அளந்து வேலை அட்டையில் எழுதித் தருமாறு கேட்டேன். தொழில்நுட்பப் பொறுப்பாளர் தயங்கினாலும் எழுதிக் கொடுத்தார். அவர் நேர்மையான மனிதர். மறுப்பு அவருடைய முடிவாக இருக்கவில்லை என்றே இன்றும் நினைக்கிறேன்.

இதற்கு அடுத்த கட்டம்தான் பலருக்கும் தெரியாதது. உத்தரவாதத்தின் கீழ் செய்யும் வேலைக்கான செலவை முகவர் உற்பத்தியாளரிடமிருந்து மீளப் பெறுகிறார். அதற்குச் செசி இலக்கம், ஓடிய தூரம், ஸ்கேன் பதிவுகள், படங்கள் ஆகியவற்றுடன் ஒரு கோரிக்கையை அவர் அனுப்ப வேண்டும். எனவே "கம்பனி மறுத்துவிட்டது" என்று அவர்கள் சொன்னால், அந்தக் கோரிக்கை எந்தத் திகதியில், எந்த இலக்கத்தில் அனுப்பப்பட்டது, என்ன பதில் வந்தது என்று எழுத்தில் கேளுங்கள். நான் கேட்டபோது பதிலே வரவில்லை. இரண்டாம் முறை பதிவுத் தபாலில் கேட்ட பிறகுதான், கோரிக்கை எதுவும் அனுப்பப்பட்டிருக்கவில்லை என்பது தெரியவந்தது. இரண்டு மாதங்களாக எங்களை அலைக்கழித்த "கம்பனியின் மறுப்பு" என்ற ஒன்று இருக்கவே இல்லை. அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

இன்னொரு தடையையும் போட்டார்கள். 2021 ஓகஸ்டில் நாடு முடக்கப்பட்டிருந்தபோது, கண்டிக்குப் போக முடியாமல், ஒரு முறை இயந்திர எண்ணெயை ஹட்டனிலேயே மாற்றியிருந்தோம். வெளிக் கராஜில் சேர்விஸ் செய்ததால் உத்தரவாதம் செல்லாது என்றார்கள். அந்த எண்ணெய் மாற்றத்திற்கும் கிளச் அறைக்குள் நடந்த கசிவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டு, வாங்கிய எண்ணெயின் பற்றுச்சீட்டையும் இணைத்து அனுப்பினேன். அதன்பிறகு அந்தக் காரணத்தை அவர்கள் எடுக்கவில்லை. உங்களிடமும் அப்படி ஒரு சேர்விஸ் இருந்தால் மறைக்காதீர்கள்; மறைத்தது வெளிப்பட்டால் மற்ற எல்லாவற்றிலும் உங்கள் சொல் பலவீனப்படும்.

சட்டத்தின் பக்கம் வருகிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ், உற்பத்தியாளரோ வியாபாரியோ கொடுத்த உத்தரவாதத்திற்கு ஒவ்வாத பொருளைப் பற்றி அதிகாரசபையிடம் முறையிடலாம். விசாரணைக்குப் பின்னர் இழப்பீடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ அது கட்டளையிடலாம். முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். விற்பனையோ சேவையோ நடந்த நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் கொடுக்கப்பட வேண்டும். இந்த மூன்று மாதம்தான் ஆபத்தானது. "ஜப்பானிலிருந்து பதில் வரட்டும், பொறுங்கள்" என்று நல்ல வார்த்தை சொல்லியே காலத்தைக் கடத்திவிட முடியும். கார் வாங்கிய நாளிலிருந்து பார்த்தால் உங்களுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. ஆகவே சேவை நிலையம் காரைப் பரிசோதித்து மதிப்பீடு கொடுத்த திகதியை வைத்து, அந்தச் சேவையையும் உத்தரவாத மறுப்பையும் சேர்த்து எழுதுங்கள். நானும் அப்படித்தான் எழுதினேன். 1977 என்ற இலக்கத்தில் அழைத்து விவரம் கேட்கலாம். முறைப்பாட்டைத் தமிழில் எழுதத் தயங்க வேண்டாம். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை அரச அலுவலர்களுடன் தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையைத் தந்திருக்கிறது. மலையகத்தில் நம்மவர்கள் பலர் மொழியை நினைத்தே முறையிடாமல் விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

முறைப்பாட்டின் பிரதியை முகவரின் கொழும்புத் தலைமை அலுவலகத்திற்கும் உற்பத்தியாளரின் பிராந்திய அலுவலகத்திற்கும் அனுப்பினேன். உற்பத்தியாளருக்கு எழுதிய கடிதம் ஒரே பக்கம்தான்: செசி இலக்கம், வாங்கிய திகதி, தூரம், கசிவின் படங்கள், "உங்கள் முகவர் உங்களுக்கு இதுவரை கோரிக்கை அனுப்பவில்லை" என்ற ஒரு வாக்கியம், பதில் தர பதினான்கு நாட்கள். எங்கள் கஷ்டங்களை அதில் விவரிக்கவில்லை. முதல் மின்னஞ்சலில் விவரித்திருந்தேன். அதற்குத்தான் உங்களுக்கு வந்ததைப் போன்ற ஒற்றை வரி வந்தது.

ஒன்பதாவது நாள் தலைமை அலுவலகத்திலிருந்து அழைத்தார்கள். சீல், கிளச் இரண்டும் உத்தரவாதத்தின் கீழ் மாற்றப்பட்டன. கூலியையும் அவர்களே ஏற்றார்கள். காரை ஹட்டனிலிருந்து இழுத்துச் சென்ற செலவு மட்டும் எங்களுடையதாயிற்று. அதற்காக மேலும் போராடும் தெம்பு அப்போது எனக்கு இருக்கவில்லை. "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற ஒரு தாளில் ஒப்பமிடச் சொன்னார்கள். மாற்றிய பாகங்களுக்குத் தனி உத்தரவாதம் உண்டு என்ற வரியை அதில் சேர்த்த பிறகே ஒப்பமிட்டேன்.

காரை உடனே எடுத்தே ஆக வேண்டிய நிலை உங்களுக்கு இருந்தால், பணத்தைக் கட்டுங்கள். ஆனால் "உரிமையை விட்டுக்கொடுக்காமல், ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று பற்றுச்சீட்டின் இரு பிரதிகளிலும் எழுதி ஒப்பமிடுங்கள். பழைய தட்டையும் சீலையும் பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். கழற்றிப் பார்க்கும்போது கிளச் அறை காய்ந்திருந்து, தட்டுகள் சீராகத் தேய்ந்திருந்தால் நிலைமை வேறு. அப்போது முழுச் செலவையும் கேட்பது நியாயமாக இராது. ஒரு வருடத்திற்குள் தேய்ந்ததைக் காட்டி, நல்லெண்ண அடிப்படையில் ஒரு பங்கை ஏற்குமாறு கேட்பதே பொருந்தும். உங்கள் கார் இன்னும் கழற்றப்படவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நாளைக் காலையிலேயே, நீங்கள் வரும்வரை கழற்றக் கூடாது என்று அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.