கடன் கொப்பியை வீட்டில் ஒளித்துவிட்டு

கேள்வி: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் படித்து 2021 கடைசியில் வெளியே வந்தேன். மூன்று நேர்முகத் தேர்வுக்குப் போயும் ஒன்றும் சரிவரவில்லை. அடுத்த கிழமை ஒரு நிதி நிறுவனத்தில் கடன் பிரிவு உத்தியோகத்தர் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ‘உம்மைப் பற்றிச் சொல்லும்’ என்றால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. இங்கிலிஷில் எப்படித் தொடங்குவது? சிங்களத்தில் கேட்டால் என்ன செய்வது? டை கட்ட வேண்டுமா? (அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்ததால் 2022, 2023 இரண்டு வருடமும் எங்கள் பலசரக்குக் கடையை நான்தான் பார்த்தேன். அது தேவையில்லை என்று அக்கா சொன்னதால் சுயவிபரத்தில் போடவில்லை.)
– வாசகர், கோண்டாவில்

தம்பி, டை கிடக்கட்டும். அடைப்புக்குறிக்குள் போட்டீர்களே இரண்டு வரி, அதைப் பற்றிக் கதைப்போம்.

படித்து முடித்தபின் என்ன செய்தீர் என்று மூன்று இடத்திலும் கேட்டிருப்பார்கள். ‘வேலை தேடிக்கொண்டிருந்தேன்’ என்று சொல்லியிருப்பீர்கள். இரண்டு வருடம் தேடியும் ஒருவரும் எடுக்காத ஆள் என்று அவர்கள் நினைத்ததில் என்ன பிழை? உங்களைப் பற்றிச் சொல்ல இருந்ததையே வெட்டி எறிந்துவிட்டு நாக்கு ஒட்டுகிறது என்கிறீர்கள்.

நீங்கள் கடையில் நின்றது எந்த வருடம்? 2022. மார்ச்சில் 200 ரூபாய் மட்டில் நின்ற டொலர் மே மாதத்துக்குள் 360 வரை ஏறியது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. பால்மாவுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்துக்குக் கிட்டப் போனது. காலையில் விற்ற விலைக்குப் பின்னேரம் சாமான் வாங்க ஏலாத காலம் அது. அந்த நேரம், படுக்கையில் கிடந்த அப்பாவையும் பார்த்துக்கொண்டு, கடையை மூடாமல் நடத்தியிருக்கிறீர்கள். படித்த முகாமைத்துவத்துக்கு இதைவிட வேறு என்ன பரீட்சை வேண்டும்?

அதைவிட, போகப்போவது கடன் பிரிவுக்கு! யாருக்குக் கடன் கொடுக்கலாம், யார் சொன்ன திகதிக்குத் தருவார், தராதவரிடம் முகம் முறியாமல் எப்படிக் கேட்பது என்று தெரிந்த ஆளைத்தான் அவர்கள் தேடுகிறார்கள். கோண்டாவில் பலசரக்குக் கடையில் கடன் கொப்பி இல்லை என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

அக்கா ஏன் வேண்டாம் என்றா? பட்டதாரி கடையில் நின்று பருப்பு நிறுத்தவன் என்று தெரிந்தால் மதிக்கமாட்டார்கள் என்ற பயம்தான். இது எங்கள் ஊரின் பழைய வருத்தம். உத்தியோகம் என்றால் கதிரையும் மேசையும் வேண்டும், மிச்சமெல்லாம் சும்மா இருந்த கணக்கு. உங்கள் இருவரையும் படிப்பித்தது எந்தக் காசு? அப்பா விழுந்தபோது பிள்ளை போய் நின்றது கடமை. அதற்கு நான் பாராட்டப்போவதில்லை. ஆனால் செய்த கடமையை வெட்கப்பட்டு ஒளிப்பதை என்னால் பொறுக்க முடியாது. அந்தச் சுயவிபரத்தை அப்பா கையில் வாங்கிப் பார்த்தால் அவருக்கு எப்படி இருக்கும்?

இன்றைக்கே அதைத் திருத்துங்கள். அனுபவம் என்ற இடத்தில் கடையின் பெயர், வருடம், நீங்கள் பார்த்த வேலை மூன்றும் வரட்டும். இரவில் அப்பாவோடு இருந்து கொப்பியைப் புரட்டுங்கள். எத்தனை வீட்டுக்குக் கடன் கொடுத்தீர்கள், எவ்வளவு திரும்பி வந்தது, யாருக்கு ஏன் நிறுத்தினீர்கள் என்று கணக்கெடுங்கள். அதில் இரண்டு சம்பவத்தைத் தெரிந்தெடுத்து, நீங்கள் என்ன முடிவெடுத்தீர்கள், என்ன நடந்தது என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். கையைச் சுட்டுக்கொண்ட சம்பவம் ஒன்று இருந்தால் அதையும் சொல்லலாம், கடன் கொடுத்து ஏமாறாத கடைக்காரர் கிடையாது. ஆனால் கடன்பட்டவர்களின் பெயரை அங்கே வாய் தவறியும் சொல்லாதீர்கள். அயலவரின் கடனை ஊருக்குச் சொல்பவரை எந்த நிதி நிறுவனமும் நம்பாது. அப்பாவின் வருத்தத்துக்கு ஒரு வரி போதும். அனுதாபத்துக்காக அதை நீட்டுவது இன்னொரு விதத்தில் அவரை விற்பது.

இங்கிலிஷ் மிச்சக் கேள்விதான். சொல்ல விஷயம் இருந்தால் சின்னச் சின்ன வசனமே காணும். சிங்களத்தில் கேட்டால் தெரிந்த அளவுக்குப் பதில் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியும் என்று எழுதாதீர்கள், மேசையில் அகப்பட்டுவிடுவீர்கள். டை கட்டுங்கள், நிறம் ஒருவருக்கும் நினைவிருக்காது. மூலச் சான்றிதழ்களோடு கடையின் வியாபாரப் பதிவுப் பத்திரத்திலும் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள்.

உறவினரல்லாத இருவரின் பெயர் கேட்பார்களே, அதில் ஒன்று உங்களுக்குச் சாமான் தந்த மொத்த வியாபாரியுடையதாக இருக்கட்டும். அந்த வருடம் நீங்கள் காசு கொடுத்த ஒழுங்கு அவருக்குத்தான் தெரியும். போன் பண்ணாதீர்கள், கடைக்கு நேரே போய்க் கேளுங்கள். அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் சொல்வதை அவவும் கேட்கட்டும்.