கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: ராக்கெட் மாதிரி நின்ற இடத்திலிருந்தே எழும்பும் போர் விமானத்தை அமெரிக்கா அந்தக் காலத்திலேயே செய்ததாமே? பிறகு ஏன் கைவிட்டார்கள்? (வாசகி, தேனி)

பதில்: செய்தார்கள், பறக்கவும் விட்டார்கள். கான்வேர் நிறுவனத்தின் எக்ஸ்எஃப்ஒய்-1, செல்லப்பெயர் 'போகோ'. ஓடுதளம் இல்லாத சிறிய கப்பல்களிலிருந்தும் கிளம்ப வேண்டும் என்பது கடற்படையின் ஆசை. மூக்கு வானத்தைப் பார்க்க, வால் பக்கத்தில் நாலு குட்டிச் சக்கரங்கள்மேல் நிற்கும். விமானி உயரமான ஏணியில் ஏறித்தான் உள்ளே போகவேண்டும். மூக்கில் எதிரெதிர் திசையில் சுழலும் இரட்டை புரொப்பல்லர்.

1954 நவம்பர் 2 அன்று சோதனை விமானி 'ஸ்கீட்ஸ்' கோல்மன் அதைச் செங்குத்தாகக் கிளப்பி, படுக்கவைத்துப் பறந்து, மறுபடி நிமிர்த்தி இறக்கினார். கிளம்புவது கூடப் பரவாயில்லை. இறங்குவதுதான் வயிற்றைக் கலக்கும். மல்லாக்கச் சாய்ந்தபடி, தோளுக்குமேல் திரும்பி, தரை எங்கே என்று பார்த்துக்கொண்டே பின்பக்கமாக இறங்கவேண்டும். எங்கள் சந்தில் வேனை ரிவர்ஸ் எடுக்கவே எனக்கு ஆள் வேண்டும்! ஆடும் கப்பலில் சாதாரண விமானி இதை எப்படிச் செய்வார்? போதாக்குறைக்கு, ஜெட்களின் வேகத்துக்கு முன் புரொப்பல்லர் எடுபடவில்லை. 1956-க்குப் பிறகு போகோ பறக்கவில்லை.

போட்டிக்கு லாக்ஹீட் செய்த எக்ஸ்எஃப்வி இன்னும் பாவம். ஒட்டவைத்த சக்கரக்கால்களோடு சாதாரண விமானமாக ஓடித்தான் கிளம்பியது. ஒருமுறைகூட நின்றவாக்கில் எழும்பவில்லை.