பாம்புப் புத்தகத்தைப் பிடுங்கலாமா?

கேள்வி: டீச்சர், என் மகன் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். வாரம் ஒரு புத்தகம் பிள்ளைகளே பார்த்து எடுத்துக்கொள்ளலாம் என்று பள்ளியில் விட்டுவிட்டார்கள். இவனோ மூன்று வாரமாக அதே பாம்புப் புத்தகத்தைத் தூக்கி வருகிறான். நான் வாங்கிக் கொடுத்த நீதிக் கதைகளைத் தொடுவதே இல்லை. நாம் பார்த்துக் கொடுத்தால்தானே சரியாக வரும்?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: வேண்டாம்மா, பிடுங்காதீர்கள். நான் பிடுங்கியிருக்கிறேன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நூல்நிலையப் பொறுப்பில் இருந்தபோது, லாரிப் படப் புத்தகத்தையே கேட்டுக்கொண்டிருந்த ஒரு பையனிடமிருந்து அதை வாங்கிப் பூட்டிவிட்டு, நீதிக் கதையைக் கொடுத்தனுப்பினேன். மறுவாரம் நிலாம் பதிவேட்டில், அதாவது மலேசியக் கல்வி அமைச்சின் வாசிப்புத் திட்டத்துக்காகப் பிள்ளைகள் வாசித்ததை எழுதும் ஏட்டில், கதைச்சுருக்கம் அழகாக இருந்தது. பக்கத்துப் பிள்ளையுடையதை எழுத்துப்பிழையோடு அப்படியே எழுதியிருந்தான். புத்தகத்தைத் திறக்கவே இல்லை. அந்தப் பக்கம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அமைச்சின் 1998 சுற்றறிக்கையோடு வந்த நிலாம் திட்டம், பிள்ளைகளை வாசிக்க வைக்கத்தான் வந்தது. எத்தனை புத்தகம் என்று நாம் துரத்தினால் அவர்கள் பதிவேட்டைத்தான் நிரப்புவார்கள்.

உங்கள் ஊர்ப்பக்கத்துப் பிள்ளைக்குப் பாம்பு வெறும் படமா? தோட்டத்தில் செம்பனை என்னும் எண்ணெய்ப்பனையின் பழத்தைத் தின்ன எலி வருகிறது, எலியைத் தேடிப் பாம்பு வருகிறது. பழம் வெட்டப் போகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு வந்து வீட்டில் சொல்வதைக் கேட்டு வளர்கிறவன் அவன். எலியைப் பிடிக்கவென்றே செம்பனைக்கு நடுவே கம்பத்தில் பெட்டி வைத்துக் கூகைகளைக் குடியேற்றுகிறார்கள் அல்லவா? பறவைகளைப் பற்றிய புத்தகம் ஒன்றை அவன் கண்ணில் படும்படி வைத்துவிட்டு, எடு என்று சொல்லாமல் இருங்கள். எடுத்தால் எடுக்கட்டும்.

புத்தகம் கடினமோ என்ற சந்தேகம் வந்தால், நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து வாசிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கட்டும். பக்கம் முடிவதற்குள் ஐந்தும் மடங்கிவிட்டால், தனியாக வாசிக்க இப்போதைக்குக் கனம். அப்போதும் பிடுங்க வேண்டாம், கூட உட்கார்ந்து வாசியுங்கள். பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் திருப்பிக் கொடுக்கவும் விடுங்கள். தேர்ந்தெடுக்கப் பழகுவது அப்படித்தான்.

நீதிக் கதைகளை மூட்டை கட்டச் சொல்லவில்லை. படுக்கப் போகும்முன் அவற்றை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். அம்மா குரலில் கேட்டால் எட்டு ஒன்பது வயதுப் பிள்ளை வேண்டாம் என்று சொன்னதை நான் பார்த்ததில்லை.

இன்று அவனிடம், அந்தப் பாம்புப் புத்தகத்தில் உனக்கு எந்தப் பக்கம் பிடிக்கும் என்று மட்டும் கேளுங்கள். பாம்புக்கு வெளிக்காது கிடையாது, நாக்கை நீட்டித்தான் வாசனை பிடிக்கும் என்றெல்லாம் உங்களுக்கே பாடம் நடத்துவான். என்ன சொன்னான் என்று எனக்கும் எழுதுங்கள்.