இதழ் பிய்யாமல் சோப்பை எடுக்க

ஆலிவ் எண்ணெய் மட்டுமே சேர்த்த சோப்பை 24 மணி நேரத்தில் பூ வடிவ சிலிகோன் அச்சிலிருந்து எடுத்ததாகவும், பூவின் இதழ்கள் அச்சிலேயே தங்கிவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அச்சின் மேல் பழி போடாதீர்கள்; சோப்பு இன்னும் இறுகவில்லை, அவ்வளவுதான். ஆலிவ் எண்ணெய்ச் சோப்பு மெதுவாகத்தான் கெட்டிப்படும். நான்கைந்து நாள், சில சமயம் ஒரு வாரம்கூட விட்டுவைக்க வேண்டும். கையுறை போட்ட விரலால் ஓரத்தை அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழுந்தால் பொறுங்கள். அச்சின் சுவரை மெல்ல வெளியே இழுத்தால் சோப்பு தானாக விலகி, வழவழப்பான பக்கம் தெரிய வேண்டும். அதுதான் சரியான பதம்.

அச்சிலிருந்து நீங்கள் இன்னும் எடுக்காத மூன்று சோப்புகளையும் அச்சோடு ஓரிரவு ஃப்ரீசரில் வையுங்கள். கல்போல் ஆனதும் கவிழ்த்து, அடிப்பக்கத்தின் நடுவில் கட்டைவிரலால் சீராக அழுத்துங்கள். வெளியே வந்ததும் சோப்பு வியர்க்கும். துடைத்தால் விரல் தடம் பதிந்துவிடும், காற்றிலேயே உலரட்டும்.

அடுத்த முறை 450 கிராம் எண்ணெய்க்கு ஒரு தேக்கரண்டி சோடியம் லாக்டேட்டை (சோப்பை இறுக வைக்கும் ஒரு உப்பு), ஆறிய காஸ்டிக் சோடாக் கரைசலில் கலந்துகொள்ளுங்கள். லாக்டேட் கூடிப்போனால் சோப்பு பொடிந்து உதிரும். அலுமினிய அச்சு மட்டும் வேண்டவே வேண்டாம், காஸ்டிக் சோடா அதை அரித்துவிடும். அந்த மூன்றும் இதழோடு வந்தனவா என்று அவசியம் எழுதுங்கள்.