அரை மார்க்குக்கு நாலரை லட்சமா?

கேள்வி: நான் திருமங்கலம். பி.எஸ்சி. நர்சிங் முடித்து, மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை ஐசியுவில் நான்கு வருஷமாக ஸ்டாஃப் நர்ஸ். பிரிட்டன் அரசு மருத்துவ சேவையான என்ஹெச்எஸ் வேலைக்காக ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலப் பரீட்சை எழுதினேன். கேட்டல் 7.5, வாசிப்பு 7, எழுத்து 6.5, பேச்சு 6.5. பேச்சில் அரை மார்க் போதவில்லை. காளவாசல் பக்கம் ஓர் ஏஜென்சியில், நாலரை லட்சம் கொடுத்தால் இந்த மார்க் இல்லாமலேயே கேர் ஒர்க்கர் (முதியோரைப் பராமரிப்பவர்) விசாவில் அனுப்பி, ஆறு மாதத்தில் நர்ஸாக மாற்றித் தருகிறோம் என்கிறார்கள். 50,000 ரூபாய் முன்பணமும் ஒரிஜினல் சான்றிதழ்களும் கொடுத்துவிட்டேன். மீதிப் பணத்துக்கு அம்மாவின் நகையை அடகு வைக்கலாமா?

பதில்: வைக்காதீர்கள். இன்னும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

முதலில் அந்த கேர் ஒர்க்கர் விசா. 2025 ஜூலை 22 முதல், வெளிநாட்டிலிருந்து புதிதாக கேர் ஒர்க்கர் விசாவில் ஆள் எடுப்பதையே பிரிட்டன் நிறுத்திவிட்டது. மூடிய கதவுக்கு டிக்கெட் விற்கிறார்கள். கதவு திறந்திருந்த காலத்திலும் "போய் மாறிக்கொள்ளலாம்" என்பது ஏமாற்றுப் பேச்சுதான். அங்கே நர்ஸ் என்று சொல்லிக்கொள்ள என்எம்சி என்ற நர்சிங் கவுன்சிலில் பெயர் பதிவாக வேண்டும். அந்தப் பதிவை எந்த முதலாளியாலும் ஏஜென்டாலும் வாங்கித் தர முடியாது. பதிவு இல்லாமல் போன நம் ஊர்ப் பிள்ளைகள், டிகிரியைப் பெட்டியில் வைத்துவிட்டு முதியோர் இல்லத்தில் டயப்பர் மாற்றிக்கொண்டு, வாங்கின கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அது கேவலமான வேலை என்று சொல்லவில்லை. நீங்கள் படித்தது அதற்கு இல்லை, அவ்வளவுதான்.

இப்போது உங்கள் அரை மார்க். இதை நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் ஏஜென்ட் இதை உங்களுக்குச் சொல்லவே மாட்டார். என்எம்சி கேட்பது கேட்டல், வாசிப்பு, பேச்சு மூன்றிலும் 7, எழுத்தில் 6.5. இதை ஒரே தடவையில் வாங்கியாக வேண்டும் என்று இல்லை. 12 மாத இடைவெளிக்குள் எழுதிய இரண்டு பரீட்சைகளைச் சேர்த்துக் காட்டலாம். ஒரு தடவை தவறவிட்டதை இன்னொரு தடவை எட்டினால் போதும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு தடவையும் கேட்டல், வாசிப்பு, பேச்சு 6.5க்குக் கீழே போகக் கூடாது, எழுத்து 6க்குக் கீழே போகக் கூடாது.

உங்கள் மார்க்கை வைத்துப் பாருங்கள். முதல் தடவையிலேயே மூன்று பகுதிகள் முடிந்துவிட்டன. பேச்சு 6.5 என்பதும் அந்தக் குறைந்தபட்ச எல்லைக்குள்தான் இருக்கிறது. அடுத்த தடவை பேச்சில் 7 வாங்க வேண்டும். மற்ற மூன்றும் கொஞ்சம் இறங்கினாலும் பரவாயில்லை, ஆனால் எழுத்து 5.5 ஆனால் கணக்கு கெட்டது. அதனால் பேச்சை மட்டும் தயார் செய்துவிட்டுப் போகாதீர்கள். இரண்டுமே அகாடமிக் ஐஈஎல்டிஎஸ்ஸாக இருக்கட்டும். ஐஈஎல்டிஎஸ்ஸில் ஒன்று, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலப் பரீட்சையான ஓஇடியில் ஒன்று என்று கலக்க முடியாது. முதல் பரீட்சைத் தேதியை எடுத்து வைத்து 12 மாதத்தைக் காலண்டரில் எண்ணுங்கள். அடுத்த பரீட்சைக்கு 20,000 ரூபாய்க்குள்தான் ஆகும். நாலரை லட்சம் எங்கே, இது எங்கே?

ஒன்று சொல்லிவிடுகிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு வென்டிலேட்டர் பக்கத்தில் நின்று, பயந்துபோன குடும்பத்துக்கு நிலைமையை எடுத்துச் சொல்லத் தெரிந்த பெண்ணை, ஏதோ ஒரு தலைப்பில் இரண்டு நிமிஷம் பேசவைத்து அரை மார்க்கில் நிறுத்துகிறார்களே, அது எனக்கும் பொறுக்கவில்லை. ஆனால் அந்த எரிச்சலைத்தான் ஏஜென்ட் காசாக்குகிறார். அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

மார்க் வந்த பிறகு சிபிடி. கணினியில் எழுதும் பரீட்சை, மருந்துக் கணக்கு ஒரு பகுதி, நர்சிங் ஒரு பகுதி. இதற்கும் "ஆள் வைத்து எழுதித் தருகிறோம்" என்று வருவார்கள். நைஜீரியாவில் இபாடன் நகரத்து மையம் ஒன்றில் இப்படி நடந்தது 2023இல் வெளியே வந்தது. அங்கே எழுதியவர்களின் மார்க் செல்லாது என்றார்கள். நேர்மையாக எழுதினோம் என்று சொன்னவர்களும் திரும்ப எழுத வேண்டியதாயிற்று. பொய் அனுபவச் சான்றிதழும் இதே ரகம்தான். என்எம்சியின் நெறிமுறைத் தொகுப்பில் நேர்மை ஓர் அடிப்படை விதி. பொய் சொல்லிப் பதிவு வாங்கியது பிடிபட்டால், பத்து வருஷம் வேலை பார்த்த பிறகும் பதிவு போய்விடும்.

கடைசியில் ஆஸ்கி. அங்கே போய்ச் செய்து காட்டும் பரீட்சை, பத்து நிலையங்கள். இதில் நம்மவர்கள் கோட்டை விடுவது கைவேலையில் இல்லை. மருந்து கொடுக்கும் முன் நோயாளியின் பெயரையும் பிறந்த தேதியையும் அவர் வாயாலேயே சொல்லவைப்பது, அலர்ஜி கேட்பது, சம்மதம் கேட்பது, கொடுத்த பிறகு கையெழுத்துப் போடுவது. இங்கே ஒரு நர்ஸ் தலையில் அத்தனை கட்டிலைக் கட்டிவிட்டு, ஷிஃப்ட் முடிவில் சார்ட்டை மொத்தமாக நிரப்பப் பழக்கிவிட்டார்கள். "டாக்டர் போனில் சொன்னார்" என்பதே போதும் என்று வளர்த்துவிட்டார்கள். அங்கே "ஏன் கொடுத்தாய்" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். இந்தப் பழக்கத்தை இப்போதே, நீங்கள் நிற்கிற ஐசியுவிலேயே மாற்றிக்கொள்ளுங்கள். அதற்குக் கோச்சிங் சென்டர் தேவையில்லை.

சரி, வேலை எங்கே தேடுவது? பிரிட்டன் அரசின் ஆள் எடுப்பு விதிப்படி வேலை தேடுகிற நர்ஸிடம் ஏஜென்சி கட்டணம் வாங்கவே கூடாது. அந்த விதிக்குக் கட்டுப்பட்ட ஏஜென்சிகளின் பட்டியல் என்ஹெச்எஸ் எம்ப்ளாயர்ஸ் தளத்தில் இருக்கிறது, பெயரைத் தட்டிப் பாருங்கள். இந்தியச் சட்டப்படி லைசென்ஸ் உள்ள ஏஜென்ட்டே 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம், லைசென்ஸ் உண்டா என்பதை மத்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். 1978இல் தமிழக அரசு தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது, அங்கேயும் பதிந்து வையுங்கள். ஜிமெயிலிலிருந்து வருகிற வேலை உத்தரவை நம்பாதீர்கள். ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சில வருஷம் முன்பு அள்ளி எடுத்ததுபோல் என்ஹெச்எஸ் இப்போது எடுப்பதில்லை. காத்திருக்க வேண்டி வரலாம். அதற்குத்தான் நகையை அடகு வைக்க வேண்டாம் என்கிறேன்.

அந்த 50,000 ரூபாய்க்கு வருகிறேன். ஜிபேயில் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவு, வாட்ஸ்அப்பில் அவர்கள் கொடுத்த வாக்குறுதி, எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறொரு போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். பணத்தைத் திருப்பித் தராவிட்டால் போலீஸில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுங்கள். ஆனால் அதற்கு முன்னால், நாளைக்கே, அண்ணனையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு காளவாசலுக்குப் போங்கள். பணத்தைப் பற்றி வாயே திறக்காதீர்கள். "கவுன்சில் வேலைக்கு ஒரிஜினல் வேண்டும்" என்று மட்டும் சொல்லி, சான்றிதழ்களை ஒவ்வொன்றாக எண்ணி வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். பணச் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.