சிலுவாரை (கால்சட்டையை) ‘ரிப்பேர்’ செய்யலாமா?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் வீட்டு முன்புறத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். கிழிசல் தைப்பது, இடுப்பைப் பிடிப்பது, ஸிப் மாற்றுவது எல்லாம் செய்கிறேன். புதுப் பலகையில் மலாய்க்குக் கீழே ஆங்கிலமும் எழுதப் போகிறேன். கணவர் ‘ரிப்பேர்’ போடு என்கிறார், மகள் ‘மெண்ட்’ என்கிறாள், பலகை எழுதுபவர் ‘ஃபிக்ஸ்’ என்கிறார். எது சரி? ரசீதில் எப்படி எழுதுவது?

பதில்: கிழிந்த துணிக்கு மகள் சொன்ன ‘மெண்ட்’தான் பொருத்தம். ஆனால் உங்கள் வேலை முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்காது.

‘மெண்ட்’ என்பது ‘அமெண்ட்’ என்ற சொல்லின் முதல் அசை உதிர்ந்து வந்தது. இலத்தீனில் ‘மெண்டா’ என்றால் குறை, பிழை. அந்தக் குறையை நீக்குவதுதான் இரண்டுக்கும் வேர்ப்பொருள். இன்று கடிதத்தையும் சட்டத்தையும் திருத்தினால் ‘அமெண்ட்’; சட்டை, வலை, வேலி, கூரை போன்றவற்றில் கிழிந்ததையும் உடைந்ததையும் சரிசெய்தால் ‘மெண்ட்’. பிரிட்டிஷ்காரர்கள் சைக்கிளுக்கும் இதைச் சொல்வார்கள். அமெரிக்கர்கள் சைக்கிளுக்கு ‘ஃபிக்ஸ்’ என்பார்கள்.

கணவர் சொன்ன ‘ரிப்பேர்’ தவறில்லை. ‘ரிப்பேர்ஸ் அண்ட் ஆல்ட்டரேஷன்ஸ்’ என்று போட்ட தையல் கடைகள் ஆங்கில நாடுகளில் நிறைய உண்டு. ஆனால் நம் டவுனில் ‘ரிப்பேர்’ என்றாலே மோட்டார்சைக்கிளும் மின்விசிறியும்தான் நினைவுக்கு வரும். தையல் கடைப் பலகையில் அதை மட்டும் கண்டால், தையல் மெஷின் பழுது பார்க்கும் இடம் என்று நினைத்துப் பழைய மெஷினைத் தூக்கி வந்துவிடுவார்கள். மலாயில் ‘பைக்கி’ என்ற ஒரே சொல் சட்டைக்கும் மோட்டாருக்கும் போதும். ஆங்கிலத்தில் பொருளைப் பார்த்துச் சொல்லைப் பிடிக்க வேண்டும்.

‘ஃபிக்ஸ்’ பலகைக்கு வேண்டாம். அதன் அடிப்படைப் பொருள் ‘ஓரிடத்தில் பொருத்து’ என்பது. சுவரில் அலமாரி அடிப்பதும் ‘ஃபிக்ஸ்’, கல்யாணத் தேதி குறிப்பதும் ‘ஃபிக்ஸ்’. பேச்சில் ‘பழுது பார்’ என்ற பொருளில் தாராளமாக வரும், எழுத்தில் கொஞ்சம் தளர்வாகத் தெரியும்.

ரசீதில்தான் உண்மையான வேறுபாடு வரும். செம்பனை முள்ளில் மாட்டிய வேலைச் சிலுவாரை எடுத்துக்கொள்ளுங்கள். முட்டிக்குக் கீழே துணி நேர்க்கோட்டில் கிழிந்து, பிறகு குறுக்கே திரும்பி, ஒரு முக்கோண நாக்கு தொங்கும். அடியில் கிழிசலைவிடச் சுற்றிலும் 2 செ.மீ. பெரிய துண்டு வைத்து, நாக்கை மேலே படியவிட்டுத் தைத்தால், அது ‘பேட்ச்’. பனியனிலோ காலுறையிலோ ஓட்டை விழுந்த இடத்தில் நூலையே குறுக்கும் நெடுக்கும் பின்னி மூடினால் ‘டார்ன்’. இரண்டுமே ‘மெண்டிங்’தான்.

கிழியாத துணியை அளவு மாற்றினால் அது ‘மெண்ட்’ ஆகாது, ‘ஆல்ட்டர்’. இடுப்பைப் பிடித்தால் ‘டேக்கன் இன்’, அகலம் விட்டால் ‘லெட் அவுட்’. உயரத்தைக் குறைத்தால் ‘டேக்கன் அப்’. பிள்ளை வளர்ந்துவிட்டதால் பள்ளி பினஃபோரின் மடிப்பைப் பிரித்து இறக்கினால் ‘லெட் டவுன்’. ஸிப்பின் பல் உடைந்து புதிது வைத்தால் ‘ஸிப் ரீப்ளேஸ்ட்’ என்றே எழுதுங்கள். ‘ஸிப் மெண்டட்’ என்று எழுதினால் பழைய ஸிப்பையே சரிசெய்ததாகப் பொருள். புது ஸிப்புக்கு ஏன் காசு என்று வாடிக்கையாளர் கேட்பார்.

சிலுவாருக்கான ஆங்கிலச் சொல் ‘ட்ரௌஸர்ஸ்’ பன்மை. ஆகவே தயாரானதும் ‘யுவர் ட்ரௌஸர்ஸ் ஹேவ் பீன் மெண்டட்’ என்று செய்தி அனுப்புங்கள், ‘ஹேஸ்’ வராது. உச்சரிப்பில் ‘மெண்ட்-இட்’ என்று இரண்டு அசை. ‘ஃபிக்ஸ்ட்’ ஒரே அசை, அதை ‘ஃபிக்ஸ்-எட்’ என்று இழுக்கக் கூடாது.

நம்மிடம் அதிகம் வரும் தவறு வேறொன்று. மோட்டாரைக் கடையில் கொடுத்துச் சரிசெய்துவிட்டு ‘ஐ ரிப்பேர்ட் மை மோட்டார்சைக்கிள்’ என்கிறோம். அப்படிச் சொன்னால் ஸ்பேனர் பிடித்தது நீங்கள்தான். கொடுத்துச் செய்தால் ‘ஐ ஹேட் மை மோட்டார்சைக்கிள் ரிப்பேர்ட்’. தமிழில் ‘தைத்தேன்’, ‘தைக்கக் கொடுத்தேன்’ என்று நாம் பிரித்துச் சொல்லும் அதே வேறுபாடு. உங்களிடம் துணி கொடுப்பவரும் ‘ஐ ஹேட் இட் மெண்டட்’ என்றுதான் சொல்ல வேண்டும்.

அதுபோல ‘மெஷின் ஸ்பாய்ல்ட்’ என்பது நம் நாட்டுப் பேச்சு. சோறும் மெஷினும் தமிழில் ஒன்றுபோலக் ‘கெட்டுப்போகும்’, மலாயிலும் ‘ரோசாக்’ பல பொருளுக்கு வரும். அதனால் நமக்கு இயல்பாக ஒலிக்கிறது. வெளிநாட்டு விற்பனையாளருக்கு எழுதும்போது ‘நாட் வர்க்கிங்’ என்றோ ‘ப்ரோக்கன்’ என்றோ எழுதி, ஊசி நிற்கிறதா நூல் அறுகிறதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பலகையில் மலாய் மேலே, பெரிய எழுத்தில் இருக்கட்டும். ஆங்கில வரியில் ‘ஆல்ட்டரேஷன்ஸ்’ முதலில் வரட்டும், அளவு மாற்றத்தான் ஆட்கள் அதிகம் தேடி வருவார்கள். அதன் பக்கத்தில் ‘அண்ட் மெண்டிங்’. ‘க்ளோத்ஸ்’ என்று தனியாகச் சேர்க்கத் தேவையில்லை. பலகை ஓரத்தில் ஊசி நூல் படம் ஒன்று வரைந்தால் போதும்.