பஸ்ஸுக்கு அவனே கை காட்டட்டும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மேடம், என் மகனுக்கு 22 வயது. அறிவுசார் குறைபாடு உள்ளவன். சேலத்தில் அஸ்தம்பட்டி பக்கம் ஒரு தொழிற்பயிற்சி மையத்துக்குத் தினமும் போய் பேப்பர் கவர் ஒட்டுகிறான். இதுவரை அவன் அப்பாதான் வண்டியில் கொண்டுபோய் விட்டார், இப்போது அவருக்கு மூட்டு வலி. "நானே பஸ்ல போறேன்" என்கிறான். படிக்கத் தெரியாது, நம்பர் கொஞ்சம் அடையாளம் தெரியும். பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும். நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. இதைச் சொல்லிக் கொடுக்க முடியுமா?
– ஒரு தாய், அம்மாபேட்டை

பதில்: முடியும் அம்மா. அவனே வாய் திறந்து கேட்டிருக்கிறான், அதுவே பெரிய விஷயம். வீட்டில் யாருமே கேட்காமல், அவனும் கேட்காமல், நாற்பது வயது வரை அப்பாவின் வண்டிக்குப் பின்னாலேயே உட்கார்ந்து போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பத்து வருடம் அவன் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் போனாலும் அவன் பஸ் ஏறக் கற்றுக்கொள்ள மாட்டான், ஏனென்றால் அவன் பார்ப்பது பஸ்ஸை இல்லை, உங்கள் முந்தானையை. நீங்கள் எழுந்தால் எழுவான், நீங்கள் இறங்கினால் இறங்குவான். அதனால் இந்தப் பயிற்சியில் அவன் கற்பது பாதி என்றால், நீங்கள் கொஞ்சம் கொஞ்சமாக விலகக் கற்பது மீதி.

கடைசியிலிருந்து ஆரம்பியுங்கள். பஸ்ஸை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அஸ்தம்பட்டி ஸ்டாப்பில் இறங்கியதும் அங்கிருந்து மையத்தின் கேட் வரை அவன் மட்டும் நடக்கட்டும், நீங்கள் ஸ்டாப்பிலேயே நின்று பாருங்கள். அது பழகியதும், இறங்கும் இடத்தை அவனே கண்டுபிடித்து எழுந்து நிற்க வேண்டும். அப்புறம் ஏறுவது. அதற்கப்புறம்தான் பழைய பஸ் ஸ்டாண்டில் மாறுவது. இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வந்தால் ஒவ்வொரு நாளும் அவன் "நானே வந்துட்டேன்" என்று முடிக்கிறான். வீட்டு வாசலிலிருந்து ஆரம்பித்தால் பாதி வழியில் நீங்கள் கையைப் பிடித்துவிடுவீர்கள், தோற்றுப்போன நினைப்பில்தான் அவன் நாள் தொடங்கும்.

படிக்கத் தெரியாதது பெரிய தடை இல்லை. அவன் ஏற வேண்டிய பஸ்ஸின் நம்பரை, பஸ்ஸில் இருக்கும் அதே எழுத்து வடிவில், உள்ளங்கை அளவு அட்டையில் பெரிதாக எழுதிக் கொடுங்கள். பஸ் வரும்போது அட்டையைத் தூக்கிப் பிடித்து ஒவ்வொரு எண்ணாகப் பொருத்திப் பார்க்கட்டும். தப்பான பஸ் வந்தால் நீங்கள் "வேண்டாம்" என்று சொல்லாதீர்கள், ஐந்து விநாடி வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள், அந்த ஐந்து விநாடியில்தான் அவன் யோசிப்பான். ஏறும் முன் கண்டக்டரிடம் "அண்ணா, அஸ்தம்பட்டி போகுங்களா?" என்று கேட்கவும் பழக்குங்கள். வீட்டில் நாற்காலி போட்டு நூறு தடவை கேட்டாலும் போதாது. இவர்களுக்கு ஒரு இடத்தில் கற்றதை இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோவதுதான் கஷ்டம், அதனால் நிஜ ஸ்டாப்பில், நிஜ பஸ்ஸில், அவன் போகிற அதே நேரத்துக் கூட்டத்தில்தான் பயிற்சி.

இறங்குமிட அடையாளத்தில் நான் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். ஒரு பையனுக்குச் சிவப்பு போர்டு வைத்த கடையைக் காட்டி, அது வந்ததும் எழுந்திரு என்று பழக்கினேன். மூன்று மாதம் ஒழுங்காகப் போனான். ஒரு திங்கட்கிழமை கடைக்காரர் போர்டை நீல நிறத்தில் மாற்றிவிட்டார், பையன் கடைசி ஸ்டாப் வரை போய் சீட்டிலேயே அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தான். அதிலிருந்து கடையைக் காட்டுவதே இல்லை, ரவுண்டானா, மேம்பாலம், கலெக்டர் ஆபீஸ் மாதிரி அசையாதவைதான், அதுவும் இரண்டு: ஒன்று "தயாராகு", இன்னொன்று "எழுந்திரு". பழைய பஸ் ஸ்டாண்டை இடித்துக் கட்டிய காலம் ஞாபகம் இருக்கிறதா? போஸ் மைதானத்திலிருந்து பஸ் விட்டார்கள். வருடக்கணக்காகத் தனியாகப் போய்வந்த பிள்ளைகளை எல்லாம் மறுபடி கூட்டிப்போய்ப் பழக்கினோம். 2023-இல் ஈரடுக்கு நிலையம் திறந்ததும் இன்னொரு தடவை. அதனால் ஒருமுறை கற்றுவிட்டான் என்று விட்டுவிடாதீர்கள், வழி மாறும்போது ஒரு வாரம் கூடப் போங்கள்.

நீங்கள் விலகுவது இப்படி: முதலில் பக்கத்து சீட், பிறகு பின் சீட்டில் பேசாமல், பிறகு பஸ்ஸின் கடைசி வரிசை. பிறகு பஸ்ஸில் நீங்கள் இல்லவே இல்லை, அவனுக்குத் தெரியாமல் உங்கள் தம்பியோ அண்ணன் மகனோ வண்டியில் பின்னால் வரட்டும். அதுவும் பழகிய பிறகு வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷன் மட்டும். என்னிடம் வந்தவர்களில் சிலருக்கு மூன்று மாதம் ஆனது, ஒருவருக்கு ஒன்றரை வருடம். எவ்வளவு நாள் என்று கணக்குப் போடாதீர்கள்.

பெரும்பாலான வீடுகளில் சொல்லிக் கொடுக்காமல் விட்டுவிடுவது, தப்பு நடந்தால் என்ன செய்வது என்பதைத்தான். சரியான வழியை மட்டும் சொல்லிக் கொடுத்தால், வழி தப்பும் அன்றைக்கு அவனிடம் ஒன்றுமே இருக்காது. வேண்டுமென்றே ஒருநாள் ஸ்டாப்பைத் தாண்டிப் போங்கள். இறங்கி ஓடக்கூடாது, சீட்டிலேயே இரு, சட்டைப்பையில் இருக்கும் அட்டையைக் கண்டக்டரிடம் காட்டு, போன் பண்ணு. இந்த நான்கையும் பஸ்ஸுக்குள்ளேயே பலமுறை செய்ய வையுங்கள். அட்டையில் பெயர், போகும் இடம், இரண்டு போன் நம்பர் போதும். தயவுசெய்து கழுத்தில் தொங்கவிடாதீர்கள், ஏமாற்ற நினைப்பவனுக்கு அது விளம்பரம்.

சாலையைத் தாண்டுவதுதான் எல்லாவற்றிலும் கடினம். அவன் வேகம் கணிக்கத் திணறினால், நான்கு பேர் தாண்டும்போது அவர்களோடு சேர்ந்து தாண்டு என்று பழக்குங்கள், அதுவும் முடியாவிட்டால் தாண்டவே தேவையில்லாத ஸ்டாப்பைத் தேர்ந்தெடுங்கள், கொஞ்சம் அதிகம் நடந்தாலும் பரவாயில்லை.

இன்னொன்று, அரசு சாதாரண டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை காட்டினால் அவனுக்கும் உடன் வரும் ஒருவருக்கும் கட்டணம் இல்லை. ஆனால் நம் ஊரில் தனியார் டவுன் பஸ்களும் ஓடுகின்றன, அதில் இது செல்லாது. பையில் எப்போதும் சில்லறை இருக்கட்டும்.

கேள்வி: நாங்கள் ஏற்காடு. என் தங்கைக்கு 24 வயது, மிதமான அறிவுசார் குறைபாடு. வாரம் இருமுறை சேலத்துக்குத் தையல் வகுப்புக்குப் போக ஆசைப்படுகிறாள். "பொம்பளப் பிள்ளையைத் தனியா அனுப்பறதா?" என்று அம்மா ஒரே பிடியாக இருக்கிறார். மலைப்பாதை வேறு.
– அக்கா, ஏற்காடு

பதில்: மலைப்பாதை உங்கள் அம்மா நினைப்பதைவிட நல்லது. டவுனில் நிமிடத்துக்கு ஒரு பஸ் வந்து குழப்பும், உங்கள் ஊரிலிருந்து குறிப்பிட்ட நேரத்துக்குத்தான் பஸ், டிரைவரும் கண்டக்டரும் அநேகமாகத் தெரிந்த முகம், 20 கொண்டை ஊசி வளைவும் முடிந்தால் அடிவாரம். அவளுக்கு எண்ணத் தெரிந்தால் வளைவில் இருக்கும் எண் பலகைகளே பாடம். வாந்தி வருமானால் முன் சீட்டும் ஒரு கவரும். கோடை விழா சமயத்திலும், மழையில் மண் சரிந்து குப்பனூர் வழியாகத் திருப்பிவிடும் நாட்களிலும் தனியாக அனுப்பாதீர்கள்.

அம்மாவின் பயம் நியாயமானது, அதை ஒதுக்காதீர்கள். ஆனால் வீட்டுக்குள் வைத்திருந்தால் தங்கைக்கு "தொடாதே" என்று சத்தமாகச் சொல்லவே தெரியாமல் போகும். யாராவது உரசினால் "தள்ளி நில்லுங்க" என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தச் சொல்லுங்கள், சீட் மாறி டிரைவர் பக்கம் போகச் சொல்லுங்கள், வீட்டுக்கு வந்ததும் யார் திட்டினாலும் உங்களிடம் சொல்லலாம் என்று நம்ப வையுங்கள். எதற்கும் தலையாட்டி அடங்கிப் போகவே வளர்த்த பெண்ணுக்கு இது உடனே வராது. நீங்களே அந்நியர் மாதிரி உரசி நடித்துப் பழக்குங்கள்.

கேள்வி: நான் டவுன் பஸ் கண்டக்டர். இப்படிப்பட்ட ஒரு தம்பி தினமும் என் வண்டியில் ஏறுகிறார். நான் எப்படி நடந்துகொள்வது?
– ஒரு கண்டக்டர், சேலம்

பதில்: நீங்கள் எழுதியதற்கே நன்றி தம்பி. "கலெக்டர் ஆபீஸ்தானே?" என்று கேட்காதீர்கள், இவர்களில் பலர் எதைக் கேட்டாலும் "ஆமா" என்பார்கள், பிறகு தப்பான இடத்தில் இறங்கி நிற்பார்கள். "எங்க இறங்கணும்?" என்று கேட்டு, அவர் சொல்லும்வரை இரண்டு விநாடி பொறுங்கள். 'வாடா', 'போடா' வேண்டாம், வயது வந்தவர். முக்கியமாக, ஸ்டாப்பிலேயே நிறுத்தும்படி விசில் கொடுங்கள். ஐம்பது அடி தள்ளி நிறுத்தினால் உங்களுக்கும் எனக்கும் அதே ஸ்டாப்தான், அவர் பார்த்துப் பழகிய மரமும் கம்பமும் அங்கே இருக்காது, அவருக்கு அது வேறு ஊர்.